93,802 எங்கிருந்து வந்தது? எடப்பாடி பழனிசாமி, 1989 முதல் 2021 வரை

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
ஒரு வேண்டுகோளோடு ஆரம்பிக்கிறேன். 2021 தேர்தல் முடிவோடு பேச்சை நிறுத்திக்கொள்வோம், தலைப்பில் இருப்பது அந்தத் தேர்தலில் எடப்பாடியில் அவர் ஜெயித்த ஓட்டு வித்தியாசம். அதற்கப்புறம் நடந்த பொதுக்குழு, வழக்கு, கூட்டணி முறிந்தது, மறுபடி சேர்ந்தது எல்லாம் இங்கே வந்தால் நாலாவது பதிலிலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

எடப்பாடியார் கதையை எல்லோரும் சசிகலா தரப்பு எம்.எல்.ஏ.க்களைத் தங்க வைத்திருந்த கூவத்தூரிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 2017 பிப்ரவரி 14 காலை சொத்துக் குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சசிகலாவுக்கு முதல்வர் நாற்காலி இல்லை என்றானது, அன்றைக்கே இவர் சட்டமன்றக் கட்சித் தலைவர், 16-ஆம் தேதி பதவியேற்பு, 18-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 122, எதிர்ப்பு 11. ஒரு தரப்பு இதை அதிர்ஷ்டம் என்கிறது, இன்னொரு தரப்பு துரோகம் என்கிறது, கட்சிக்காரர்கள் உழைப்பு என்கிறார்கள். மூன்று தரப்புமே 2017-க்கு முந்தைய 28 வருஷத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

எனக்கு அந்த 28 வருஷம்தான் சுவாரசியம். சிலுவம்பாளையத்துக்காரர், வெல்ல வியாபாரம், கட்சியில் கிளைச் செயலாளராகத் தொடங்கியவர். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் கட்சி ஜா அணி, ஜெ அணி என்று உடைந்தபோது ஜெ அணிப் பக்கம் நின்றார். 1989-ல் சேவல் சின்னத்தில் எடப்பாடியில் ஜெயித்தார், வித்தியாசம் இரண்டாயிரம்கூட இல்லை. 1991 அலையில் நாற்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 1996-ல் தோல்வி. 1998-ல் திருச்செங்கோட்டில் எம்.பி. ஆனார், அந்த மக்களவை அடுத்த வருஷமே கலைந்தது, கலையக் காரணம் அவருடைய தலைவி ஆதரவை வாபஸ் வாங்கியது. 1999-ல் அதே திருச்செங்கோட்டில் மதிமுக கண்ணப்பனிடம் தோல்வி. 2001-ல் அதிமுக ஆட்சியைப் பிடிக்கிறது, ஆனால் எடப்பாடி தொகுதி கூட்டணிக் கட்சியான பாமகவுக்குப் போய்விட்டது. 2004-ல் திருச்செங்கோட்டில் சுப்புலட்சுமி ஜெகதீசனிடம் தோல்வி. 2006-ல் எடப்பாடியில் பாமக காவேரியிடம் தோல்வி.

அதாவது 1991-க்கும் 2011-க்கும் நடுவில் ஜெயித்தது ஒரே ஒரு தேர்தல். எங்கள் மண்டியில் மூன்று ஏலம் தொடர்ந்து நட்டப்பட்டவன் நாலாவது ஏலத்துக்கு வந்து நின்றால் சரக்கைக் காட்டவே யோசிப்பார்கள். இவருக்கு ஜெயலலிதா திரும்பத் திரும்ப சீட்டு கொடுத்தார், 2011-ல் ஜெயித்ததும் நெடுஞ்சாலைத் துறையையே கொடுத்தார். ஏன்?

ஐந்துரோடு:
குனிந்தே நின்றார், அதனால் கொடுத்தார். இதற்கு இவ்வளவு பெரிய முன்னுரையா அண்ணா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
தம்பி, அந்தக் கட்சியில் குனியாதவர் யார் என்று ஒரு பேர் சொல். எல்லோரும் செய்ததை வைத்து ஒருத்தர் மட்டும் மேலே வந்ததற்குக் காரணம் சொல்ல முடியாது.

கொங்கணாபுரம்:
நான் தொகுதிக்காரன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்கள் எடப்பாடி என்றால் ஏதோ கவுண்டர் கோட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இங்கே வன்னியர் ஓட்டு ரொம்பக் கனமானது. மேற்கே பூலாம்பட்டியில் காவிரிக் கரை, படகேறினால் அக்கரையில் நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். ஊருக்குள் விசைத்தறிச் சத்தம். கிழக்கே எங்கள் கொங்கணாபுரம், பருத்தி ஏலத்துக்கு நாலு மாவட்டத்திலிருந்து மூட்டை வரும். கரும்பு, பருத்தி, தறி, ஆடு மாடு. இதில் எந்த ஒரு சாதியும் தனியாக நின்று எம்.எல்.ஏ.வை உருவாக்க முடியாது. அதுதான் இந்தத் தொகுதியின் சூட்சுமம்.

இப்போது இவர் நின்ற தேர்தல்களில் எதிரில் யார் என்று பாருங்கள். 1991-ல் இரண்டாமிடம் பாமக. 1996-ல் இவரைத் தாண்டி ஜெயித்தவர் பாமக ஐ. கணேசன். 2001-ல் தொகுதியைப் பறித்துக்கொண்டது பாமக, அதே கணேசன். 2006-ல் தோற்கடித்தது பாமக. 2011-ல் இரண்டாமிடம் பாமக கார்த்தி. 2016-ல் இரண்டாமிடம் பாமக அண்ணாதுரை. சென்னையில் இருக்கிறவர்களுக்கு அதிமுகவுக்கு எதிரி திமுக. எடப்பாடிக்காரருக்கு எதிரி இருபத்தைந்து வருஷமாக மாம்பழக் கட்சி. இதைப் புரிந்துகொள்ளாமல் இவரை யாரும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் அபிப்பிராயம்.

2001-ல் கூட்டணிக்காக இவர் தொகுதியை விட்டுக் கொடுத்தார்கள் இல்லையா, அப்போது தொகுதியில் என்ன பேச்சு என்றால், ஆள் கோபித்துக்கொண்டு வேறு வேட்பாளரை நிறுத்துவார், உள்ளடி வேலை பார்ப்பார் என்று. அப்படி எதுவும் வெளியே தெரியவில்லை, பாமக ஜெயித்தது. ஜெயலலிதா மாதிரி ஒருவருக்கு, தோற்றாலும் வாயைத் திறக்காதவன், விட்டுக் கொடுக்கச் சொன்னால் விட்டுக் கொடுப்பவன் என்பது ஜெயித்துவிட்டு ஆடுகிறவனைவிடப் பெரிய தகுதி. செவ்வாய்ப்பேட்டை அண்ணன் கேள்விக்கு என் பதில் அதுதான்.

மலைக்காப்பி:
ஏற்காட்டிலிருந்து ஒரு குறுக்கீடு. 2011-க்கு அப்புறம் அவர் எப்படி மேலே போனார் என்பதை நாங்கள் மலையிலேயே பார்த்தோம்.

2013-ல் எங்கள் எம்.எல்.ஏ. பெருமாள் இறந்து இடைத்தேர்தல் வந்தது, டிசம்பர் 4 வாக்குப்பதிவு. சேர்வராயன் மலையில் அது காப்பிப் பழம் பறிக்கிற பருவம். விடியக்காலை பனியில் கோணியை இடுப்பில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால் மத்தியானம் கிலோ போட்டுத்தான் கூலி. அந்த வருஷம் தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் கொடி கட்டின கார். மந்திரிமார் படையே மலையேறிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒன்றன் பின் ஒன்றாக வெள்ளை வண்டி, பஸ் ஏற முடியாமல் அடிவாரத்திலேயே நின்றுவிடும். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மடுவு என்று மலையாளிப் பழங்குடி ஊர்களில் அதுவரை தாசில்தாரையே பார்க்காத கிழவிகள், ஒரே வாரத்தில் மூன்று மந்திரிகளைப் பார்த்துவிட்டார்கள்.

பெருமாளின் மனைவி சரோஜா 78,116 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தமிழ்நாட்டில் நோட்டா பட்டன் முதன்முதலாக வந்ததும் அந்தத் தேர்தலில்தான் என்பது கூடுதல் செய்தி. எடப்பாடியார் அப்போது மாவட்ட மந்திரி. இடைத்தேர்தல் ஜெயிப்பது ஆளுங்கட்சிக்குப் பெரிய விஷயமில்லை, ஆனால் சொந்த மாவட்டத்தில் வித்தியாசம் குறைந்திருந்தால் மந்திரி பதவி போயிருக்கும், ஜெயலலிதா ஆட்சியில் மந்திரிகள் எவ்வளவு வேகமாக வந்து போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இவர் 2011 மே மாதம் ஏறினவர் ஜெயலலிதா சாகும்வரை இறங்கவில்லை. ஐவர் அணி என்று பத்திரிகையில் எழுதினார்களே, ஓபிஎஸ், நத்தம் விஸ்வநாதன், வைத்திலிங்கம், பழனியப்பன், இவர். அதில் 2016-ல் நத்தமும் வைத்திலிங்கமும் பழனியப்பனும் சட்டமன்றத்துக்கே வராமல் போனார்களோ இல்லையோ, மந்திரிசபையில் இல்லை. ஓபிஎஸ்ஸும் இவரும்தான் மிச்சம். பொதுப்பணித் துறையும் சேர்ந்து இவரிடம் வந்தது.

ஆக கூவத்தூரில் சசிகலா தரப்பு ஆள் தேடியபோது சீனியர் என்று கண்ணுக்குப் பட்டவர்கள் எத்தனை பேர்? இதில் அதிர்ஷ்டம் எது, தகுதி எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

பழையகோப்பு:
அருமையான பதிவுகள். இடையில் வரலாற்றுக்கு ஒரு சின்ன இடம் கொடுங்கள். மேம்பாலத் திறப்பு சமயத்தில் “சேலம் தந்த முதல் முதல்வர்” என்று ஊரெல்லாம் தட்டி வைத்திருந்தார்கள். அது சரியில்லை.

1926-லிருந்து 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை மந்திரியாக இருந்த ப. சுப்பராயன் குமாரமங்கலம் ஜமீன், அந்த ஊர் அப்போது சேலம் மாவட்டம், இப்போது நாமக்கல். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் அன்றைக்குச் சேலம் மாவட்டம்தான், வக்கீல் தொழில் பார்த்தது சேலத்தில், 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர், 1937-ல் மாகாணப் பிரதமர், 1952-ல் முதல்வர். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கைக் கொண்டு வந்தபோது முதலில் சேலம் மாவட்டத்தில்தான் போட்டுப் பார்த்தார். இன்றைய மாவட்ட எல்லைக்குள் பிறந்த முதல் முதல்வர் என்று வேண்டுமானால் பழனிசாமியைச் சொல்லலாம்.

இதில் சுப்பராயன் கதைக்கும் இந்த இழைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவருக்கும் சொந்தமாகப் பெரும்பான்மை கிடையாது. சுயராஜ்யக் கட்சி அதிக இடம் ஜெயித்தும் மந்திரிசபை அமைக்க மாட்டோம் என்றது, கவர்னர் சுயேச்சையான இவரைக் கூப்பிட்டார். சைமன் கமிஷன் விவகாரத்தில் கூட இருந்த இரண்டு மந்திரிகளும் விலகினார்கள். ஆள் விழுந்துவிடுவார் என்று நினைத்தார்கள், நீதிக்கட்சி ஆதரவை வாங்கி, புது மந்திரிகளைப் போட்டு, 1930 வரை ஓட்டிவிட்டார். ஆக்ஸ்போர்டில் படித்த ஜமீன்தாருக்கும் சிலுவம்பாளையத்து வெல்ல வியாபாரிக்கும் வேறெதிலும் ஒற்றுமை கிடையாது. ஆனால் அடுத்தவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தலையெண்ணிக் காலம் கடத்துகிற கலை இருவருக்குமே வாய்த்திருந்தது.

நம் பெரியாஸ்பத்திரிக்குப் பெயர் இருக்கிறதே மோகன் குமாரமங்கலம், அவர் சுப்பராயனின் மகன். அந்த வழியில் வந்த கொள்ளுப்பேரன் 2021-ல் ஓமலூரில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று இரட்டை இலையிடம் தோற்றார். மாவட்டம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஐந்துரோடு:
பழையகோப்பு ஐயா, நீங்கள் எழுதினால் சண்டை போடவே மனசு வரவில்லை. ஆனாலும் போடுகிறேன்.

தலையெண்ணுகிற கலை என்று அழகாகச் சொல்லிவிட்டீர்கள். 2017 செப்டம்பரில் டிடிவி தினகரன் பக்கம் போன 18 எம்.எல்.ஏ.க்களைத் தகுதி நீக்கம் செய்ததும் அந்தக் கலைதான். சபாநாயகர் தனபால் யார், சங்ககிரியில் பலமுறை ஜெயித்தவர், நம்ம மாவட்டம். எதிர்த்து ஓட்டுப் போட்ட ஓபிஎஸ் ஆட்கள் 11 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை, கவர்னரிடம் மனு கொடுத்த 18 பேர் பதவி போயிற்று. சட்டம் என்ன சொல்கிறது என்று நீதிமன்றம் பார்த்துக்கொண்டது, 2018 அக்டோபரில் நீக்கம் செல்லும் என்றும் சொல்லிவிட்டது. எனக்கு அதில் சட்டப் பிரச்சினை இல்லை, வயிற்றெரிச்சல்தான்.

அப்புறம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு. 2018 மே 22. 13 உயிர். உள்துறையைக் கையில் வைத்திருக்கிற முதல்வர், டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். இந்த இழையில் இதுவரை யாரும் அதைப் பற்றி எழுதவில்லை. சேலத்துக்காரன் என்கிற பாசம் கண்ணை மறைக்கக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
மறைக்கவில்லை தம்பி. தூத்துக்குடி அவர் மேல் எப்போதும் இருக்கும், இருக்கவும் வேண்டும். நான் கேட்டது எப்படி ஜெயித்தார், எப்படி நிலைத்தார் என்பதை மட்டும். நல்லவரா என்று கேட்டிருந்தால் இழையின் தலைப்பே வேறு.

குப்பனூர் பிரிவு:
நல்லவரா என்ற கேள்வியை நான் கேட்கிறேன். எட்டு வழிச்சாலை.

சேலம் சென்னை, 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி. 2018 ஜூன் மாதம் எங்கள் பக்கம் அளக்க வந்தார்கள். அச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர், மஞ்சவாடிக் கணவாய் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், மலையடிவாரத்துக் கிணற்றுப் பாசனம். கிணற்றுக்கும் தென்னைக்கும் நடுவில் கல் நட்டுவிட்டுப் போனார்கள், வெள்ளை அடித்து நம்பர் எழுதின கல். எங்கள் சித்தப்பா அன்றைக்குத் தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார், மடையை அடைக்கக்கூட விடவில்லை, ஓரமாக நில்லுங்கள் என்றார்கள். ஒரு போலீஸ் பெண், அவளும் ஏதோ ஒரு விவசாயி வீட்டுப் பெண்தான் போல, எங்கள் பாட்டி மண்ணில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேஸ்புக்கில் எழுதினவனுக்கெல்லாம் கேஸ்.

2019 ஏப்ரல் 8-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. அதே மாதம் தேர்தல். சேலத்தில் அதிமுக தோற்றதற்குக் காரணம் கேட்பவர்கள் எங்கள் ஊரில் வந்து கேட்கட்டும். விடாமல் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. ‘நானும் விவசாயி’ என்று பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு மேடையில் நிற்பதும் அவர்தான், கிணற்றோரம் கல் நட்டதும் அவர் ஆட்சிதான்.

சரி, இப்போது என் சங்கடம். 2021-ல் எங்கள் ஊர் ஏற்காடு தொகுதியில் வருகிறது, அதிமுகதான் ஜெயித்தது. எங்கள் வீட்டிலேயே இரண்டு ஓட்டு இலைக்குப் போனது எனக்குத் தெரியும். கேட்டால் கூட்டுறவுக் கடன் தள்ளுபடி ஆனது என்கிறார்கள். 2021 பிப்ரவரியில் அறிவித்தார் இல்லையா, 12,110 கோடி. கல்லையும் மறந்தாச்சு.

அஸ்தம்பட்டி டீச்சர்:
மறக்கவில்லை தம்பி, எதிரில் நின்றவர் அந்த சாலையை ரத்து செய்வாரா என்பதில் நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான்.

நான் அரசுப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். கட்சி இல்லை. அவர் செய்ததில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், அது மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நீட் வந்த பிறகு எங்கள் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் போவது ஏறக்குறைய நின்றேவிட்டது. 2020 செப்டம்பரில் சட்டசபையில் மசோதா நிறைவேறியது, கவர்னர் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். அக்டோபர் கடைசியில் கவர்னருக்குக் காத்திராமல் அரசாணையே போட்டுவிட்டார்கள், மறுநாள் கவர்னர் ஒப்புதலும் வந்தது. டெல்லிக்கு அடிமை என்று இவரைச் சொல்லாதவர்கள் கிடையாது, நானும்தான் சொன்னேன். அந்த ஒரு வாரம் மட்டும் ஆள் வேறு மாதிரி இருந்தார்.

அந்த வருஷம் கலந்தாய்வுக்குப் போன ஒரு பிள்ளை, அப்பா வெள்ளிக் கொலுசுக்குப் பத்த வைக்கிறவர், கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் அரசே கொடுத்தது என்று எனக்கு போட்டோ அனுப்பினாள். இதற்கு மேல் நான் அரசியல் பேச மாட்டேன்.

அம்மாபேட்டை தறி:
டீச்சர் சொன்னது சரி. ஆனால் சேலத்தில் ஓட்டு வாங்கித் தந்தது சிமென்ட். ஐந்துரோடு இரண்டடுக்கு மேம்பாலம், 441 கோடி, கிட்டத்தட்ட 7.8 கிலோமீட்டர், 2020 ஜூன் 11 திறப்பு. மேட்டூர் உபரி நீரைத் திப்பம்பட்டியிலிருந்து ஏற்றி 100 ஏரிக்கு விடுகிற திட்டம், 565 கோடி, 2020 மார்ச்சில் அடிக்கல், 2021 பிப்ரவரியில் தொடக்கம். தலைவாசல் கால்நடைப் பூங்கா, ஆயிரம் கோடிக்கு மேல். 2018-ல் காமலாபுரத்தில் மறுபடி விமானம். டெல்டாக்காரர்கள் உபரி நீரைத் திருப்புகிறார் என்று கேஸ் போட்டார்கள், மற்ற மாவட்டக்காரர்கள் இவர் சேலத்துக்கு மட்டும் முதல்வரா என்று கேட்டார்கள். நமக்கு அதைக் கேட்க இனித்தது, உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்.

ஐந்துரோடு:
மேம்பாலத்தைப் பற்றி என்னிடம் கேளுங்கள். மேலே போகிறவனுக்குக் குரங்குச்சாவடி ஐந்து நிமிஷம். கீழே கடை வைத்திருந்த எங்களுக்கு நாலு வருஷம் தூசி. தகரம் அடித்து ரோட்டை மறித்தபோது கடைக்கு எதிரில் ஒரு ஆள் நுழைகிற சந்துதான் மிச்சம், ஷோகேஸ் கண்ணாடியைக் காலையில் துடைத்தால் பதினொரு மணிக்கு விரலால் பெயர் எழுதலாம். இப்போதும் மழை பெய்து நின்ற பிறகு அரை மணி நேரம் பாலத்து இணைப்பிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், அதற்கு நேர் கீழேதான் என் போர்டு.

நெடுஞ்சாலை டெண்டர் முறைகேட்டுப் புகாரையும் ஒரு வரி போட்டு வைக்கிறேன். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது, உச்ச நீதிமன்றம் உடனே நிறுத்தி வைத்தது, பின்னாளில் அந்த உத்தரவை ரத்தும் செய்தது. குற்றம் நிரூபணம் ஆகவில்லை, அதையும் சேர்த்தே எழுதிவிட்டேன், அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
தலைப்பில் போட்ட எண்ணுக்கு வருகிறேன்.

2021-ல் எடப்பாடியில் இவர் வாங்கியது 1,63,154. திமுக சம்பத்குமார் 69,352. வித்தியாசம் 93,802. மாநிலம் முழுக்க ஆட்சி போகிறது, அதிமுக 66 இடத்தில் நிற்கிறது, சேலம் மாவட்டத்தில் மட்டும் 11-க்கு 10. அதிமுக 8, பாமக 2. திமுகவுக்குச் சேலம் வடக்கு ஒன்றுதான், ராஜேந்திரன். உடனே எல்லோரும் என்ன எழுதினார்கள்? சொந்த மண்ணில் மக்கள் செல்வாக்கு, நாலு வருஷ ஆட்சிக்குக் கிடைத்த பரிசு.

இப்போது 2016-ஐ எடுங்கள். இவர் 98,703. பாமக அண்ணாதுரை 56,681. இரண்டையும் கூட்டினால் 1,55,384. 2021-ல் பாமக கூட்டணியில் இருக்கிறது. அப்படியானால் கூடுதலாக வந்தது எவ்வளவு? 7,770. முதல்வர் பதவி, மேம்பாலம், ஏரித் தண்ணீர், கடன் தள்ளுபடி, பொங்கலுக்கு 2,500 ரூபாய், எல்லாம் சேர்ந்து சொந்தத் தொகுதியில் 7,770 ஓட்டு. அதே நேரத்தில் 55 ஆயிரத்துச் சொச்சமாக இருந்த திமுக இவர் தொகுதியிலேயே 14 ஆயிரம் கூட வாங்கியிருக்கிறது.

அதனால் நான் சொல்வது, 93,802 என்பது செல்வாக்கு இல்லை, கூட்டல். கொங்கணாபுரத்துத் தம்பி எழுதினதுபோல இருபத்தைந்து வருஷம் எதிரில் நின்ற கட்சியைக் கடைசியில் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்தினார். அதற்கு விலை வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021 பிப்ரவரி 26, தேர்தல் ஆணையம் தேதி அறிவித்த அதே நாள், சட்டசபையில் மசோதா நிறைவேறுகிறது. நவம்பரில் மதுரைக் கிளை ரத்து செய்துவிட்டது, அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் ஏப்ரலில் ஓட்டு விழுந்துவிட்டது. தெற்கே தேவர் ஓட்டு கோபித்துக்கொண்டு போனதற்கும் அதுவே ஒரு காரணம். மேற்கையும் சேலத்தையும் வாங்கிக்கொண்டு தெற்கைக் கொடுத்தார். தமிழ்நாட்டுத் தலைவர் போட்ட கணக்கா இது? மாவட்டச் செயலாளர் கணக்கு.

பழையகோப்பு:
கடைசி வரி கொஞ்சம் கடுமை. ஆனால் மறுக்க முடியவில்லை.

கொங்கணாபுரம்:
நான் மறுக்கிறேன்.

அண்ணா, ஓட்டை நீங்கள் சிட்டையில் கூட்டுகிற மாதிரி கூட்டுகிறீர்கள். அப்படிக் கூடுமென்றால் 2019-ல் ஏன் கூடவில்லை? அப்போதும் அதே அதிமுக, அதே பாமக, பாஜக, தேமுதிக எல்லாம் ஒரே மேடை. சேலம் நாடாளுமன்றத் தொகுதியில் எடப்பாடியும் ஓமலூரும் வீரபாண்டியும் இருக்கிறது. திமுக பார்த்திபன் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். தர்மபுரியில் அன்புமணியே தோற்றார். மாநிலத்திலேயே அந்தக் கூட்டணிக்குத் தேனி ஒன்றுதான். எண்கள் அன்றைக்கும் இருந்தன, கூடவில்லை.

இருபத்தைந்து வருஷம் அடித்துக்கொண்ட இரண்டு கூட்டம். சாவடியில் ஒரே பெஞ்சில் உட்காராதவர்கள். ஒரு வீட்டுக் கெடா வெட்டுக்கு இன்னொரு வீட்டிலிருந்து போகாதவர்கள் உண்டு. அவர்கள் ஓட்டு 2021-ல் ஒன்றுகூடச் சிந்தாமல் ஒரே பெட்டியில் விழுந்து, மேலே 7,770-ம் சேர்ந்தது என்றால் அது கூட்டல் இல்லை, அது வேலை. 10.5 மட்டும் காரணம் என்றால் வன்னியர் இருக்கிற எல்லா மாவட்டத்திலும் இதே மாதிரி அள்ளியிருக்க வேண்டும். விழுப்புரத்துப் பக்கமும் வட மாவட்டங்களிலும் வன்னியர் இல்லையா? அங்கே பாமகவும் அதிமுகவும் சேர்ந்து நின்று பல இடத்தில் தோற்றார்கள். சேலத்தில் ஏன் ஒட்டியது?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
2019 மோடிக்கு எதிரான தேர்தல். அதைச் சட்டசபைக்கு ஒப்பிடாதே. அதே நாளில் 18, மே மாதம் 4 என்று நடந்த 22 இடைத்தேர்தலில் அதிமுக 9 ஜெயித்தது, அதை வைத்துத்தான் ஆட்சியே தப்பித்தது. ஒரே நாள், ஒரே வாக்காளன், எம்.பி.க்கு ஒன்று, எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று.

கொங்கணாபுரம்:
அதைத்தான் அண்ணா நானும் சொல்கிறேன். வாக்காளன் பிரித்துப் போடுகிறான் என்றால் அவன் எடப்பாடியாரைப் பார்த்துத்தானே போட்டிருக்கிறான்.

ஐந்துரோடு:
இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு சண்டை போடுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

ஆட்டையாம்பட்டி முறுக்கு:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 2019-ல் பார்த்திபனுக்கும் 2021-ல் இலைக்கும் ஓட்டுப் போட்ட ஆள் நான், வீரபாண்டி தொகுதி. எனக்கு 10.5-ம் கிடையாது, தள்ளுபடி ஆக நகைக்கடனும் கிடையாது, எங்கள் பக்கம் ஏரிக்கு மேட்டூர்த் தண்ணீரும் வரவில்லை. ஆகவே உங்கள் இருவர் கணக்கிலும் நான் வரமாட்டேன்.

2019-ல் சிலிண்டர் விலை, ஜிஎஸ்டி. சின்ன முறுக்குக் கம்பெனிக்கு ஜிஎஸ்டி பில் போட ஆள் வைக்க வேண்டிய நிலைமை, அந்தக் கோபத்தில் குத்தினேன். 2021-ல் ஸ்டாலின்தான் வரப்போகிறார் என்று டீக்கடையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள், எனக்கும் அது தெரியும். தெரிந்தேதான் இலைக்குப் போட்டேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
ஜெயிக்காது என்று தெரிந்துமா? ஏன்?

ஆட்டையாம்பட்டி முறுக்கு:
நாலு வருஷம் கோயம்புத்தூருக்கும் மெட்ராஸுக்கும் சரக்கு கொண்டு போகும்போது எந்த ஊர் என்று கேட்டால் சேலம் என்பேன், ஓ முதல்வர் ஊரா என்பார்கள். அதற்கு முன்னால் கேட்டவன் மாம்பழம் என்பான், இல்லாவிட்டால் இரும்பாலை என்பான். ஆள் ஆட்சியை இழந்தாலும் சொந்த ஊரிலேயே தோற்றுப்போய்த் தலைகுனிந்து வரக்கூடாது என்று நினைத்தேன். எங்கள் தெருவில் இன்னும் நாலைந்து பேர் அப்படித்தான் போட்டார்கள், அதில் ஒருத்தர் திமுக கிளைப் பிரதிநிதி. பெயர் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் அதே பொறுப்பில் இருக்கிறார்.